அரண்மனைக்கு எதிர்த்த வீடு: பழைய தெருவில் புதுக் கட்டடத்தை எப்படி மதிப்பிடுவது?

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருக்கிறது, ஆனால் அதை நடத்துவது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நிலம் இந்தப் பக்கம் வந்தது. அரண்மனை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. டிக்கெட் எடுக்கிற எல்லோருக்கும் தெரிந்த கதைதான் இது.

அதிகம் பேசப்படாத இன்னொரு பாதி உண்டு. அரண்மனை மதிலுக்கு வெளியே, கோட்டைக்கு உள்ளே, தெருக்கள் இருக்கின்றன. மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அங்கே ஒருவர் தன் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி கட்ட நினைத்தால் அவர் பிளான் அப்ரூவலுக்குப் போக வேண்டியது பத்மநாபபுரம் நகராட்சிக்கு. பார்க்கப்படுவது தமிழ்நாட்டுக் கட்டட விதிகள். அரண்மனையின் மர அழி ஒன்று உளுத்துப் போனால் கவலைப்பட ஒரு அரசு இருக்கிறது. அந்த அழி வழியாகத் தெரிகிற தெரு எப்படி மாறுகிறது என்று கவலைப்பட வேண்டியது இன்னொரு அரசு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மதில்.

(கறாரான ஆட்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்: நாஞ்சில் நாடு என்பது பழைய கணக்கில் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான். பத்மநாபபுரம் கல்குளம் வட்டம். ஆனால் நம்ம வீடுகளின் கூரையும் திண்ணையும் அந்த எல்லையை மதிப்பதில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.)

இந்தக் குறிப்பின் கேள்வி இதுதான். பழைய தெருவில் ஒரு புதுக் கட்டட வரைபடம் மேசைக்கு வந்தால், அதை என்ன கேட்டு மதிப்பிட வேண்டும்? இப்போது நாம் கேட்கிற கேள்விகள் தப்பானவை என்பது என் வாதம்.

டேப் வைத்து அளக்கிற விதிகள்

முதலில் இருக்கிற விதிகளைப் பார்ப்போம்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம். 1992-இல் வந்த அறிவிக்கையும், 2010-இல் வந்த திருத்தமும் சேர்ந்து ஒரு வட்டம் போட்டன: சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடமே கூடாது; அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். நம் மாவட்டத்தில் சிதறால் சமணச் சின்னங்களும் வட்டக்கோட்டையும் இந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பத்மநாபபுரம் கேரள அரசின் சொத்து என்பதால் இந்த மத்திய வட்டம் அதற்குத் தானாக விழுவதில்லை.

மதுரையில் வேறு மாதிரி. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று 1997-இல் அரசாணை வந்தது. கோபுரத்தை மறைக்காமல் இருக்க ஒரு எண். அந்த எண்ணை மீறிய கட்டடங்கள் பற்றி நீதிமன்றம் வரை வழக்கு போனது தனிக் கதை.

மாநில அளவில் தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2024-இல். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தெரு எவ்வளவு மாறும் என்று உங்கள் ஊர்த் தெருவை நினைத்துப் பார்த்தாலே போதும்.

இந்த விதிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. 100 மீட்டர் என்ற எண் இல்லாவிட்டால் பல சின்னங்களின் சுவரிலேயே கடை கட்டியிருப்பார்கள். ஆனால் நான் சாஃப்ட்வேர்காரன். எங்கள் வேலையில் அடுத்தவர் எழுதிய நிரலைச் சரிபார்ப்பதில் இரண்டு கட்டம் உண்டு. முதலாவது, லிண்டர் என்ற கருவி. வரி நீளம் சரியா, அடைப்புக்குறி மூடியிருக்கா, பெயர் விதிப்படி இருக்கா என்று மனிதர் இல்லாமலே பார்த்துச் சொல்லிவிடும். இரண்டாவது, ஒரு மனிதர் உட்கார்ந்து படிப்பது: இது ஏற்கெனவே இருக்கிற நிரலோடு ஒத்துப் போகுதா, பக்கத்தில் ஓடுகிற வேறு எதையாவது உடைக்குதா? லிண்டர் ஓகே சொன்ன நிரல் மொத்த சிஸ்டத்தையும் படுக்க வைத்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

மீட்டர் விதிகள் லிண்டர் மாதிரி. தேவை, ஆனால் அவற்றோடு நிறுத்திவிட முடியாது. 9 மீட்டருக்குள் தெருவைக் கொல்லும் கட்டடமும் கட்டலாம், தெருவுக்கு உயிர் கொடுக்கும் கட்டடமும் கட்டலாம். எண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சில சமயம் எண்ணே கெடுக்கும். பொதுவான கட்டட விதிகள் வீட்டுக்கு முன்னால் காலி இடம் விடச் சொல்கின்றன. புது லேஅவுட்டில் நல்ல விதி அது. ஆனால் திண்ணையோடு திண்ணை ஒட்டி வரிசையாக நிற்கும் ஒரு பழைய தெருவில், ஒரே ஒரு வீடு மட்டும் விதிப்படி பின்னால் தள்ளிப் போனால் வாயில் ஒரு பல் விழுந்த மாதிரி ஆகிவிடும். அந்தக் காலி இடத்தில் அடுத்த வாரமே கார் நிற்கும், அதற்கு முன்னால் இரும்புக் கேட் வரும், வெளிச்சுவர் ஆறடி எழும்பும். தெருவைப் பார்த்திருந்த வீடு தெருவுக்கு முதுகு காட்டிவிடும். எல்லாம் விதிப்படிதான்.

இரண்டு வகைப் புது வீடுகள்

நாகர்கோவிலிலிருந்து தக்கலை வரை பழைய தெருக்களில் நடந்தால் புதிதாக எழும்பும் கட்டடங்கள் பெரும்பாலும் இரண்டு வகை.

முதல் வகை பெட்டி. தட்டைக் கூரை, முகப்பு முழுக்கக் கண்ணாடி அல்லது பளபளக்கும் அலுமினியத் தகடு. மேற்கு வெயில் நேராக விழும் சுவரில் கண்ணாடியைப் போட்டு, உள்ளே ஏசி போட்டு, அந்த ஏசியின் வெப்பக் காற்றைப் பக்கத்து வீட்டுத் திண்ணைப் பக்கம் தள்ளுவார்கள். இதைத் திட்டுவது சுலபம், எல்லோரும் திட்டுகிறோம்.

இரண்டாவது வகைதான் எனக்குக் கவலை. அதைப் பாராட்டுகிறார்கள். "கேரளா மாடல்" என்பார்கள், "ஹெரிடேஜ் லுக்" என்பார்கள். கான்கிரீட்டையே சரிவாக வார்த்து அதன்மேல் ஓட்டைச் சிமெண்டில் ஒட்டுவது. கான்கிரீட் தூணுக்கு மர நிறப் பெயிண்ட். அரண்மனையில் பார்த்த முக்கோண முகப்பை அப்படியே சின்னதாக்கி வாசலுக்கு மேல் ஒட்டுவது. ஹோட்டல், கல்யாண மண்டபம், நகைக்கடை, எல்லாவற்றிலும் இந்த முக்கோணம் இருக்கிறது.

இதில் என்ன தப்பு, அழகாத்தானே இருக்கு என்று கேட்கலாம். கூரை ஏன் சரிந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு ஆனி, ஆடியில் தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையும் உண்டு. ஓடு தனியாக நீரைத் தடுக்காது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் சந்து இருக்கும். தண்ணீர் அந்தச் சந்துக்குள் இறங்க நேரம் கொடுக்காமல் ஓடிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் செங்குத்தான சரிவு. அதே சந்து வழியாகத்தான் சூடான காற்று வெளியேறும். ஓட்டுக்குக் கீழே மரத்தட்டு, அதாவது மச்சு, இன்னொரு தடுப்பு. கூரை சுவரைத் தாண்டி நீண்டு தாழ இறங்குவதால் சாய்ந்து அடிக்கும் மழை சுவரைத் தொடாது, உச்சி வெயில் திண்ணைக்கு வராது. முக்கோண முகப்பில் இருக்கும் மரச்சட்டங்கள் அலங்காரத்துக்கு மட்டும் வைத்தவை அல்ல, அங்கேதான் மச்சின் வெப்பக் காற்று வெளியே போகும்.

ஒட்டிய ஓட்டுக்கு இந்த வேலை ஒன்றும் கிடையாது. கீழே கான்கிரீட் இருக்கிறது. பகலில் குடித்த வெயிலை ராத்திரி வீட்டுக்குள் விடும். சந்து இல்லை, காற்று போகாது. முக்கோண முகப்புக்குப் பின்னால் அடைத்த சுவர். தாழ இறங்க வேண்டிய கூரை விளிம்பு ஒரு சாணோடு நின்றுவிடும், அதனால் சுவர் நனைந்து பாசி பிடிக்கும். பழைய வடிவத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அது செய்த வேலையை எடுத்துவிட்டார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், ஃபங்ஷனின் பெயர் அப்படியே இருக்கு, உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

"பழசு மாதிரி இருக்கா?" என்று மட்டும் கேட்கும் ஒரு பரிசீலனைக் குழு இருந்தால் இந்த இரண்டாவது வகை வீட்டுக்குத்தான் முத்திரை குத்தும். பத்து வருஷத்தில் தெரு முழுக்க வேஷம் கட்டி நிற்கும். அப்புறம் எது பழசு, எது போலி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் வழி இருக்காது.

அரண்மனையே ஒரு பாடம்

அப்படியென்றால் எதைக் கேட்பது? அதற்குப் பதில் அரண்மனைக்கு உள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பத்மநாபபுரம் அரண்மனையை ஒரே ஆள், ஒரே காலத்தில் கட்டவில்லை. தாய்க்கொட்டாரம் பழைய பகுதி. மார்த்தாண்ட வர்மா காலத்தில் (ஆட்சி 1729 முதல் 1758 வரை) பெரிய விரிவாக்கம் நடந்தது. நான்கு நிலை உப்பரிகை மாளிகை அப்போது எழுந்தது. நவராத்திரி மண்டபம் முழுக்கக் கல். மர வேலைக்குப் பேர் போன ஒரு அரண்மனைக்குள், செதுக்கிய கல்தூண்களும் கண்ணாடி மாதிரித் தேய்த்த கறுப்புத் தரையுமாக அது நிற்கிறது. இந்திர விலாசம் ஐரோப்பிய விருந்தினருக்கென்று கட்டியது. பெரிய சன்னல்கள், உயர்ந்த அறைகள்.

அதாவது ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில் பழைய இடத்துக்குள் வந்த புதுக் கட்டடம். ஒன்றுகூட முந்தியதைக் காப்பி அடிக்கவில்லை. கல் மண்டபம் தன்னை மரம் என்று காட்டிக்கொள்ள முயலவில்லை. உப்பரிகை மாளிகை தன் உயரத்தை மறைக்கவில்லை. ஆனாலும் அங்கே நடக்கும்போது ஒன்று இன்னொன்றை அடிக்கிற உணர்வு வருவதில்லை. ஏன்?

நான் கவனித்தவரை சில விஷயங்களில் எல்லாக் கட்டடமும் ஒரே ஒப்பந்தத்துக்குள் இருக்கின்றன. சரிந்த ஓட்டுக் கூரை பெரும்பாலான இடங்களில் தொடர்கிறது. கட்டடங்களுக்கு நடுவே முற்றம் விட்டிருக்கிறார்கள். ஒரு கட்டடத்தின் வெளிச்சத்தை அடுத்தது தின்னவில்லை. நான்கு நிலை மாளிகைகூட ஒரே சுவராக நிமிர்ந்து நிற்காமல், கூரையாலும் மர அழிகளாலும் உயரத்தைத் துண்டு துண்டாக்கிக் கொள்கிறது. கூரைத் தண்ணீருக்கு முற்றம், முற்றத்துத் தண்ணீருக்கு ஓடை என்று வழி வைத்திருக்கிறார்கள். பொருள் மாறியது, பாணி மாறியது, உயரம்கூட மாறியது. பக்கத்துக் கட்டடத்துக்குச் செய்ய வேண்டிய மரியாதை மட்டும் மாறவில்லை.

இதை வைத்து, கோட்டைக்குள் ஒரு வரைபடம் வந்தால் கேட்க வேண்டியவை என்று நான் எழுதி வைத்திருக்கும் கேள்விகள் இவை:

1. தெருவின் வரிசைக் கோட்டில் வீடு நிற்கிறதா, உள்ளே போகிறதா, முன்னால் துருத்துகிறதா?

2. பக்கத்து இரண்டு வீடுகளின் கூரை விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறது? புது வீடு தெருவை ஒட்டிய பகுதியில் அந்த உயரத்தை மதிக்கிறதா? மேல் மாடி வேண்டுமென்றால் அதைப் பின்னால் தள்ளி எழுப்ப முடியாதா?

3. கூரைத் தண்ணீர் எங்கே விழும்? பக்கத்து வீட்டுச் சுவரிலா?

4. தெருவில் நடப்பவருக்கு இந்த வீடு என்ன கொடுக்கிறது? திண்ணை, நிழல், ஒரு சன்னல், ஏதாவது ஒன்று உண்டா? வெறும் மதிலும் கேட்டும்தானா?

5. வெப்பத்தை யார்மேல் தள்ளுகிறது?

6. இடிக்கப்போகும் பழைய வீட்டில் திரும்பப் பயன்படக்கூடிய மரம், கல், கதவு என்ன இருக்கிறது? அவை எங்கே போகின்றன?

ஆறு கேள்வியிலும் "பழைய பாணியில் இருக்கிறதா" என்ற கேள்வி கிடையாது. கான்கிரீட்டில் கட்டினாலும் சரி, இரும்பில் கட்டினாலும் சரி, இந்த ஆறுக்கும் பதில் சொல்கிற வீட்டை நான் வரவேற்பேன். முக்கோண முகப்பு வைத்த வீடு இதில் மூன்றிலாவது தோற்கும்.

தேர் செய்கிற பரிசோதனை

இதெல்லாம் இறக்குமதிச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம்மிடம் ஏற்கெனவே ஒரு பரிசீலனை முறை உண்டு. பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சுசீந்திரம் ரத வீதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழித் திருவிழாவில் தேர் ஓட வேண்டும். தேரின் அகலமும் உயரமும் திரும்புகிற வளைவும் தெருவுக்கு விதி போடுகின்றன. அந்தத் தெருவில் யாரும் பால்கனியை இஷ்டத்துக்கு நீட்ட முடியாது. மூலையில் இருப்பவர் படிக்கட்டை வெளியே விட முடியாது. மின் கம்பிகூட அன்றைக்கு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை ஊரே கூடி வடம் பிடித்து நடத்துகிற டெஸ்ட் அது. எவருடைய சன்ஷேட் தட்டுகிறது என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும். விதியின் காரணம் எல்லோருக்கும் புரிவதால் யாரும் "என் இடத்தில் நான் கட்டுவேன்" என்று நிற்பதில்லை.

காரணம் கண்ணுக்குத் தெரிகிற விதி நிலைக்கும். கோப்புக்குள் இருக்கிற விதியை ஆள் வைத்துச் சரிக்கட்டிவிடலாம்.

உயரம் என்ற பழைய காயம்

ஆனால் சுசீந்திரத்தைச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் போக முடியாது. அந்த அழகான தெருக்கள் எல்லோருக்கும் திறந்த தெருக்களாக இருந்ததில்லை. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்க உரிமை கேட்டு 1926-இல் சத்தியாகிரகம் நடந்தது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல்.

வீட்டு உயரத்துக்கும் இதே கதைதான். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார்கள் பற்றிய ஆய்வில் அன்றைய தடைகளின் பட்டியல் இருக்கிறது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது. அந்தப் பட்டியலிலேயே இன்னொன்று: வீடு ஒரு நிலைக்கு மேல் இருக்கக் கூடாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். மாடி கட்டக் கூடாது என்று தாத்தாவின் தாத்தாவுக்குச் சாதியைக் காட்டிச் சொன்ன ஒரு மண்ணில், பேரனிடம் போய் "மரபு கெடும், மாடி கட்டாதே" என்று ஒரு அதிகாரி சொன்னால் அது அவர் காதில் எப்படி விழும்? அந்தப் பெட்டி வீட்டை நாம் கிண்டல் செய்கிறோம். ஆனால் அந்த மூன்றாவது மாடிக்குப் பின்னால் துபாயிலும் குவைத்திலும் வெயிலில் நின்ற இருபது வருஷம் இருக்கலாம். "பார், எங்களுக்கும் மாடி" என்று சொல்ல ஒரு குடும்பம் நூறு வருஷம் காத்திருந்திருக்கலாம்.

மரபைப் பற்றி எழுதுகிற பலர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ரசனையின் பெயரால் தடை சொன்னால், அது யாருடைய ரசனை என்ற கேள்வி வரும், வரவும் வேண்டும். அதனால்தான் மேலே சொன்ன கேள்விகளில் ஒவ்வொன்றுக்கும் அளந்து பார்க்கக்கூடிய, அக்கம்பக்கத்துக்கு விளக்கிச் சொல்லக்கூடிய காரணம் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டேன். "உன் மாடியை நாலடி பின்னால் தள்ளு, இல்லாவிட்டால் எதிர்த்த வீட்டுத் திண்ணைக்கு வெளிச்சம் போகாது" என்பது ஒரு காரணம். "நம்ம தெருவுக்கு இது ஒட்டாது" என்பது காரணமே இல்லை. அந்த இரண்டாவது வாக்கியத்துக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்.

பணமும் ஒரு காரணம். கல்குளம் பக்கம் ஓட்டு வீட்டில் குடியிருக்கும், எனக்குப் பழக்கமான ஒரு பெரியவரிடம் இந்த விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தேன். சிரித்துவிட்டுச் சொன்னார்: "அரண்மனையப் பாக்க வாறவனுக்கு என் வீடு அழகு. மழைக்கு ஒழுகுனா சட்டி வைக்கது நானாக்கும், மக்கா. ஓடு மாத்த ஆசாரி எங்க கிடைக்கான்? கெடச்சாலும் கூலி என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

அவரிடம் "உங்க வீடு நம் எல்லோருடைய மரபு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோருடைய மரபு என்றால் எல்லோரும்தானே செலவழிக்க வேண்டும்.

புதுச்சேரியும் பினாங்கும்

இதைச் செய்து பார்த்த ஊர்கள் உண்டு. நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி. பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருக்கும் தமிழ்ப் பகுதி. அங்கே வைசியாள் வீதியில் 2000-களின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, இன்டாக் அமைப்பு வழிகாட்ட, வீட்டு முகப்புகளைச் சீரமைத்தார்கள். முறை எளிமையானது. செலவில் ஒரு பங்கு திட்டத்திலிருந்து, மீதி வீட்டுக்காரர். வேலையின் கவனம் தனி வீட்டின்மேல் இல்லாமல் தெருவின்மேல் இருந்தது: திண்ணையும், தெருவோரத் தாழ்வாரமும், கூரை வரிசையும் தொடர வேண்டும். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் அந்தத் தெரு இடம்பெற்றது.

அதே புதுச்சேரியில் 19-ஆம் நூற்றாண்டு மேரி கட்டடம் 2014 நவம்பரில், ஒரு மழை நாளில், இடிந்து விழுந்தது. பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரையில் ஒழுகும்போதே சரிசெய்வதற்கு ஆகும் செலவையும், விழுந்த பிறகு நகலெடுக்க ஆகும் செலவையும் ஒப்பிட்டால், அந்தப் பெரியவரின் ஆசாரிக்குக் கூலி கொடுப்பது எவ்வளவு மலிவு என்று புரியும்.

கடல் தாண்டினால் பினாங்கின் ஜார்ஜ் டவுன். நம் ஆட்கள் கடை வைத்து, கோயில் கட்டி வாழ்ந்த, இன்றும் வாழ்கிற ஊர். 2008-இல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. சேர்ந்த கையோடு சிக்கல்: 18 மீட்டர் உயர வரம்பைத் தாண்டும் ஹோட்டல் திட்டங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தது வெளியே வந்தது. பட்டியலில் நீடிக்க முடியுமா என்ற கேள்வி வரை போய், உயரத்தைக் குறைக்கும் பேச்சுக்கு இறங்கினார்கள். எல்லையும் விதியும் தெளிவாக எழுதப்படுமுன் அனுமதி ஓடிவிட்டால் பிறகு எல்லோருக்கும் நஷ்டம் என்பது அங்கே கிடைத்த பாடம்.

பினாங்கை இழுத்ததற்குக் காரணம் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை 2014-இலிருந்து யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. முழுப் பட்டியலுக்குப் போக வேண்டுமென்றால் சின்னத்தைச் சுற்றி ஒரு பஃபர் மண்டலம் காட்டும்படி கேட்பார்கள். இல்லையென்றால் ஏன் தேவையில்லை என்று விளக்க வேண்டும். அந்த மண்டலம் முழுக்க விழப்போவது தமிழ்நாட்டு மண்ணில், நகராட்சி அனுமதி கொடுக்கும் தெருக்களில். அரண்மனைக்குக் கேரளம் எவ்வளவு செலவழித்தாலும் பட்டியலின் கதவு திறப்பது எதிர்த்த வீட்டுக்காரரின் கையில் இருக்கிறது. அவரை எதிரியாக்கிவிட்டு இது நடக்காது.

செய்யக்கூடியது

பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில வேலைகள் இருக்கின்றன.

கோட்டைக்குள் உள்ள ஒவ்வொரு தெருவையும், இரு பக்கமும், நீள வாக்கில் அளந்து வரைந்து வைக்கலாம். ஒரு கட்டடக்கலைக் கல்லூரி மாணவர் குழுவுக்கு ஒரு விடுமுறை வேலை அது. அந்த வரைபடம் நகராட்சிச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி தொங்க வேண்டும். புது வீட்டுக்கு விண்ணப்பிப்பவர் தன் வீட்டை மட்டும் தனியாக வெள்ளைத் தாளில் வரைந்து தரக் கூடாது. இடது பக்கத்து வீட்டையும் வலது பக்கத்து வீட்டையும் சேர்த்து வரைந்து தர வேண்டும். இந்த ஒரு மாற்றம் போதும், பாதித் தகராறு மேசையிலேயே தெரிந்துவிடும்.

பரிசீலிப்பவர்கள் குழுவில் தெருவில் குடியிருப்பவர்கள் இருக்க வேண்டும், வாடகைக்கு இருப்பவர்களும்தான். கேரளத் தொல்லியல் துறைக்கு ஒரு நாற்காலி வேண்டும், தனியாகத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் வேண்டாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், இன்ன மாற்றம் செய்தால் ஏற்போம் என்றும் சொல்ல வேண்டும், அதற்கு நாள் கணக்கு இருக்க வேண்டும். எங்கள் வேலையில் "இது சரியில்லை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிற ஆளை யாரும் மதிப்பதில்லை. எந்த வரி, ஏன், மாற்றாக என்ன என்று எழுதினால்தான் அது ரிவ்யூ.

கடைசியாக, ஓட்டு வீட்டை வைத்துக்கொள்கிறவருக்கு வீட்டு வரியில் சலுகை, கூரை வேலைக்கு ஒரு பங்கு பணம், அழைத்தால் வரக்கூடிய ஆசாரிகளின் பட்டியல். அரண்மனைக்குள் மர வேலை செய்கிற கைகள் மதிலுக்கு வெளியேயும் வருஷத்தில் சில வாரம் வேலை செய்ய இரண்டு அரசுகளும் பேசி ஒரு ஏற்பாடு செய்யலாம்.

இதில் எதையும் செய்யாவிட்டாலும் அரண்மனை நிற்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அந்தப் பெரியவர் அடுத்த ஐப்பசி வரை பார்ப்பார். சட்டிகள் போதாமல் ஆனால் வீட்டைப் பொளிப்பார். அன்றைக்கு அவர் நகராட்சிக்குக் கொண்டுபோகும் தாளில் பக்கத்து வீட்டுச் சுவர்கள் இரண்டும் வரைந்திருக்க வேண்டும் என்று கேட்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.